அலெக்சாண்டரா அசோகரா? மொதல்ல ஜோடியைப் பாருங்க

திருமங்கலத்துல இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க: பொண்ணு பி.ஏ. ஹிஸ்டரி படிக்குது, "அலெக்சாண்டர், அசோகர் ஒப்பிடுக"ன்னு அசைன்மென்ட், நெட்ல பாத்து டேபிள் போட்டு எழுதிட்டுப் போனா இது ஒப்பீடே இல்லன்னு மேடம் திருப்பிக் குடுத்துட்டாங்களாம், எப்படித்தான் எழுதுறதுன்னு.

மேடம் சொன்னது சரிதான்க்கா. பொறந்தது, செத்தது, ஜெயிச்ச நாடுன்னு எழுதுனா அது பயோடேட்டா. பட்டத்துக்கு வந்தப்ப யார் கையில என்ன இருந்துச்சுன்னு ஆரம்பிக்கச் சொல்லுங்க. கி.மு. 336-ல 20 வயசுல அலெக்சாண்டர் ராஜாவாகும்போது அவங்கப்பா ரெண்டாம் பிலிப் நீள ஈட்டிப் படையைப் பழக்கி, கிரேக்க நாடுகளையும் பெரும்பாலும் அடக்கி வச்சிட்டுத்தான் போயிருந்தாரு. அசோகருக்கும் அப்படித்தான், தாத்தா சந்திரகுப்தரும் அப்பா பிந்துசாரரும் சேத்தது. ஆக ரெண்டு பேருமே வாரிசுங்க. கட்டுனவர்னு பாத்தா அலெக்சாண்டருக்கு எதிர்ல நிக்க வேண்டியது சந்திரகுப்தர்தான்னு நான் சொல்லுவேன். அலெக்சாண்டர் செத்த கொஞ்ச வருஷத்துல மகதத்தைப் பிடிச்சு, அலெக்சாண்டரோட தளபதியா இருந்த செலூக்கஸ்கிட்டயே 500 யானையைக் குடுத்து காந்தஹார் பக்கத்து நிலத்தை எழுதி வாங்குன ஆளு! இதை ஒரு பாராவா கட்டாயம் எழுதணும்.

அடுத்தது யார் சொல்லி நமக்குத் தெரியுதுங்கறது, மார்க் இங்கதான் இருக்கு. அலெக்சாண்டர் கூடவே இருந்தவங்க எழுதுனது முழுசா எதுவும் மிஞ்சல, நாம படிக்கிற அரியன், புளூடார்க் ரெண்டு பேரும் 400 வருஷத்துக்கு மேல கழிச்சு எழுதுனவங்க. அசோகர் தானே பாறையில பேசுறாரு, கலிங்கத்துல ஒரு லட்சம் பேர் செத்தாங்க, ஒன்றரை லட்சம் பேரைப் பிடிச்சுட்டுப் போனோம், வருத்தமா இருக்குன்னு 13-ஆம் பாறைக் கல்வெட்டுல சொல்றாரு. சரி, சொந்த வாய்ல சொல்றதால அப்படியே நம்பிடலாமான்னா அதுவும் இல்ல. கலிங்கத்துலயே இருக்கிற தௌலி, ஜௌகடா ரெண்டு எடத்துலயும் அந்த 13-ஆவது கிடையாது, 11, 12-ம் கூட இல்ல, அடிபட்ட ஜனங்க கண்ணுல படாம வேற கட்டளையைப் போட்டு வச்சிருக்காங்க. அதே 13-லயே காட்டுவாசிகளுக்கு, வருத்தப்பட்டாலும் எனக்குப் பலம் இருக்குங்கற மாதிரி ஒரு மிரட்டலும் இருக்கு. அப்ப அது மனமாற்றமா அரசியலா? என்னைக் கேட்டா ரெண்டும்தான், ஆனா பாப்பா தானே யோசிச்சு ஒரு பக்கம் நின்னு எழுதட்டும்.

செத்ததுக்கு அப்புறம் என்னாச்சுங்கறது சின்னதாப் போதும். கி.மு. 323-ல பாபிலோன்ல அலெக்சாண்டர் கண்ணை மூடுனதும் தளபதிங்க பங்கு போட ஆரம்பிச்சுட்டாங்க, மௌரியர் ஆட்சி அசோகருக்கு அப்புறமும் ஏறக்குறைய 50 வருஷம் இழுத்துப்பிடிச்சு ஓடுச்சு.

நம்ம ஊரை விட்டுறாதீங்க. 2-ஆம், 13-ஆம் கல்வெட்டு ரெண்டுலயும் சோழர், பாண்டியர் பேரு வருது, அதுவும் தன் எல்லைக்கு வெளிய இருக்கிறவங்களா. மதுரைக்குப் பக்கத்துல மாங்குளம் மலைக்குகையில நெடுஞ்செழியன் பேரோட தமிழ் பிராமி எழுத்து இருக்கு, ஒரு ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போய் போட்டோ எடுத்து ஒட்டுங்க, வெயிலுக்கு முன்னாடி ஏறிடணும். அசோகர் வருஷத்துக்கு மட்டும் முன்னாடி "சுமார்"னு போடச் சொல்லுங்க, மேடம் அதைத்தான் மொதல்ல சுழிப்பாங்க.