ஸ்டாரை எண்ணினால் ஆட்டம் தெரிந்துவிடுமா?

கேள்வி: மகன் அமெரிக்காவில் ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். மிச்சிகன் பல்கலைக்கழகத்தோடு ஃபுட்பால் (கையில் பந்தை ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டம்) வருகிறது என்றால் ஒரு வாரம் முன்னாலேயே இரண்டு அணியிலும் ஐந்து ஸ்டார் பையன்கள் எத்தனை, நான்கு ஸ்டார் எத்தனை என்று எண்ண உட்கார்ந்துவிடுகிறான். 2024-லும் "எங்களிடம்தான் ஆள்பலம் அதிகம், நாங்கள்தான் ஜெயிப்போம்" என்றான். தோற்றார்கள். இந்த ஸ்டார் கணக்கெல்லாம் வெறும் வியாபாரம்தானே?

— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வியாபாரம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடாதீர்கள். தம்பி செய்வதும் தப்பு, நீங்கள் சொல்வதும் தப்பு. அந்தக் கணக்கால் சொல்லவே முடியாத ஒன்றை அவர் அதனிடம் கேட்கிறார். நீங்களோ ஒரு தோல்வியைப் பார்த்துவிட்டுக் கணக்கையே தூக்கிக் குப்பையில் போடச் சொல்கிறீர்கள்.

பள்ளியில் ஆடும் பையன்களைப் பார்த்து 247ஸ்போர்ட்ஸ், ரைவல்ஸ், ஈஎஸ்பிஎன் போன்றவர்கள் ஸ்டார் போடுகிறார்கள். ஐந்து ஸ்டார் என்பது ஒரு வருடத்துக்கு முப்பது சொச்சம் பேருக்குத்தான். தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் முதல் சுற்றுத் தேர்வில் 32 இடம் உண்டு, அதற்குள் போய்விடுவான் என்று தோன்றுகிற பையனுக்குத்தான் 247ஸ்போர்ட்ஸ் அந்த ஐந்தாவது ஸ்டாரைத் தருகிறது. அடுத்து சில நூறு பேருக்கு நான்கு ஸ்டார். மற்ற ஆயிரக்கணக்கானவர்களுக்கு மூன்று, இரண்டு. இந்த மதிப்பீடு மோசமில்லை. ஐந்து ஸ்டார் வாங்கியவன் பெரிய ஆட்டக்காரனாக வரும் வாய்ப்பு மூன்று ஸ்டார்காரனைவிடப் பல மடங்கு அதிகம் என்பது வருடா வருடம் தெரிகிறது. பட் எலியட் என்ற பத்திரிகையாளர் இதை வைத்து ஒரு அளவுகோலே உண்டாக்கினார்: கடைசி நான்கு வருடம் எடுத்த ஆட்களில் பாதிக்கு மேல் நான்கு, ஐந்து ஸ்டாராக இருந்தால்தான் அந்த அணி தேசிய சாம்பியன் ஆகும். வெகு காலம் அது பிசகவே இல்லை. 2023 சீசனில் சாம்பியனான மிச்சிகன்கூட அந்தப் பாதியை ஒட்டினாற்போல் தாண்டித்தான் இருந்தது.

ஆனால் அது ஒரு சீசனுக்கான அளவுகோல். ஒரு சனிக்கிழமை மதியத்துக்கானது அல்ல. தம்பி குழப்பிக்கொள்ளும் இடம் இதுதான்.

நீங்கள் குறிப்பிடும் அந்த ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 2024 நவம்பர் 30, ஓஹையோ ஸ்டேட்டின் சொந்த ஊரான கொலம்பஸ். ஓஹையோ ஸ்டேட் நாட்டிலேயே இரண்டாம் இடம். மிச்சிகன் ஆறு வெற்றி, ஐந்து தோல்வியோடு வந்த அணி. பந்தயம் கட்டுபவர்கள் ஏறக்குறைய 20 புள்ளி வித்தியாசத்தில் தோற்கும் என்றார்கள். மிச்சிகனின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர், டேவிஸ் வாரன், ஸ்காலர்ஷிப் இல்லாமல் வந்து சேர்ந்த பையன், பள்ளி நாட்களில் ரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்டவர். அன்று அவர் எறிந்து எடுத்தது மொத்தமே 62 யார்டு, கூடவே இரண்டு முறை பந்தை எதிரணியிடம் கொடுத்தார். மிச்சிகனின் மிகப் பெரிய பெயர்களான வில் ஜான்சனும் கோல்ஸ்டன் லவ்லாண்டும் காயத்தால் ஆடவே இல்லை. எதிர்ப்பக்கம் பந்தைப் பிடிக்க ஜெரமையா ஸ்மித், 2024-ல் கல்லூரிக்கு வந்தவர்களிலேயே முதல் ரேங்க். ஸ்டாரைக் கூட்டியிருந்தால் ஆட்டத்தையே நடத்த வேண்டாம், கோப்பையைக் கொடுத்து அனுப்பிவிடலாம்.

மிச்சிகன் 13, ஓஹையோ ஸ்டேட் 10.

எப்படி? கோடு கிழித்தாற்போல் இரண்டு அணியும் முட்டிக்கொள்கிற அந்த நடு இடத்தைப் பாருங்கள். மிச்சிகனின் தடுப்பு வரிசை நடுவில் மேசன் கிரஹாம், கென்னத் கிரான்ட் என்று இரண்டு மலைகள். கிரான்ட் பள்ளி முடித்தபோது வெறும் மூன்று ஸ்டார். ஐந்து மாதம் கழித்து இருவருமே என்எஃப்எல் முதல் சுற்றில் போனார்கள், கிரஹாம் ஐந்தாவதாக, கிரான்ட் பதின்மூன்றாவதாக. ஓஹையோ ஸ்டேட் பக்கமோ தாக்குதல் வரிசையில் இடது ஓரத்தைக் காக்கும் ஜோஷ் சிமன்ஸ் அக்டோபரிலேயே முழங்கால் போய் உட்கார்ந்துவிட்டார். நடுவில் நின்று பந்தைப் பின்னால் தள்ளும் சென்டர் சேத் மெக்லாக்லின் நவம்பரில் குதிகால் தசைநாண் அறுந்து வெளியேறிவிட்டார். அந்த ஓட்டை இருக்கும் இடத்திலேயே, அந்த இரண்டு மலைகள் மேலேயே, ஓஹையோ ஸ்டேட் திரும்பத் திரும்பப் பந்தை ஓடவிட்டது. வெளிப்பக்கம் ஸ்மித் நின்றுகொண்டிருந்தார். எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அப்புறம் பந்தைக் கம்பத்துக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி எடுக்கும் ஃபீல்டு கோல் இரண்டையும் தவறவிட்டார்கள். கடைசியில் தடுப்புப் பக்கம் லைன்பேக்கராக இருந்து பந்தோடு ஓடுபவராக மாறிய மிச்சிகனின் கேலெல் மலிங்ஸ் நடுவில் பிளந்துகொண்டு ஒரு 27 யார்டு ஓடினார், 45 விநாடி மிச்சம் இருக்கையில் டொமினிக் ஸ்வாடா ஃபீல்டு கோல் உதைத்து முடித்தார். அந்த ஸ்வாடா ஆர்க்கன்சா ஸ்டேட்டிலிருந்து மாறி வந்தவர்.

இப்போது நீங்கள் சொல்வதற்கு வருகிறேன். அதே ஓஹையோ ஸ்டேட், அதே ஆட்கள், டென்னசியை 42-17, ஓரகனை 41-21, டெக்சஸை 28-14, கடைசியாக 2025 ஜனவரி 20 அன்று நோட்ரடேமை 34-23 என்று வரிசையாகச் சாய்த்து தேசிய சாம்பியன் ஆனது. இரண்டு பேர் விழுந்தால் மூன்றாவது ஆளும் தேறியவனாக இருக்கும் வசதி அவர்களுக்கு இருந்தது. அந்த வசதி எங்கிருந்து வந்தது? நீங்கள் வியாபாரம் என்கிற அந்த ஸ்டார் பார்த்துப் பள்ளிப் பையன்களை எடுக்கும் ரெக்ரூட்டிங்கிலிருந்துதான்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது, தம்பி பட்டியலை எங்கே பார்த்து எண்ணுகிறார் என்று கேளுங்கள். பள்ளியிலிருந்து யார் யாரை எடுத்தார்கள் என்ற பழைய பட்டியல் என்றால் அது பாதிப் பொய். 2018-ல் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல், அதாவது கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயரைப் பதியும் பட்டியல், வந்தது. 2021 முதல் ஒரு வருடம் வெளியில் உட்காராமலே கல்லூரி மாறி ஆடலாம். அதன்பின் யார் எங்கே இருக்கிறான் என்பதே வருடத்துக்கு வருடம் மாறுகிறது. ஜூலியன் சாயின் ஐந்து ஸ்டார், சேர்ந்தது அலபாமாவில்; அங்கே பயிற்சியாளர் நிக் சேபன் ஓய்வு பெற்றதும் ஆட்டம் எதுவும் ஆடாமலே கொலம்பஸ் வந்துவிட்டார். கேலப் டவுன்ஸும் அப்படித்தான், அங்கே ஒரு வருடம் ஆடிவிட்டு வந்தவர். பழைய பட்டியலில் இந்த இரண்டு பேரின் ஸ்டாரும் இன்னும் அலபாமா கணக்கில்தான் நிற்கும். 2025 நவம்பரில் மிச்சிகனின் ஊரான ஆன் ஆர்பரில் ஓஹையோ ஸ்டேட் அவர்களை 27-9 என்று அடித்தபோது மூன்று டச்டவுனுக்கு (ஒவ்வொன்றும் ஆறு புள்ளி) பந்தை எறிந்தது அந்த சாயின்தான். எதிரே மிச்சிகனின் குவார்ட்டர்பேக்காக ஆடியவர் பிரைஸ் அண்டர்வுட், அந்த வருடம் சேர்ந்தவர்களிலேயே முதல் ரேங்க். எறிந்ததில் நூறு யார்டைக்கூட எட்டவில்லை. திறமைசாலிதான், சந்தேகமே இல்லை. ஆனால் முதல் வருடப் பையன். பதினெட்டு வயதில் ஒருவன் ஐந்து ஸ்டாரோடு வந்து நிற்பதும், மூன்று ஸ்டாரோடு வந்தவன் நாலு வருடம் எடை தூக்கி, அடி வாங்கி, பாடம் படித்து நிற்பதும் ஒன்றல்ல. எண்ணுகிறவர்கள் வயதை எண்ணுவதே இல்லை.

அந்த வயதைப் பார்த்து ஆள் எடுத்தவர் இண்டியானாவின் பயிற்சியாளர் கர்ட் சிக்னெட்டி. ஜேம்ஸ் மேடிசன் பல்கலையில் தன்னிடம் ஆடிப் பழகிய ஒரு கூட்டத்தைக் கூடவே கூட்டிவந்தார். குவார்ட்டர்பேக் ஃபெர்னாண்டோ மெண்டோசா முதலில் யேலுக்குப் போவதாக இருந்து, பிறகு கலிஃபோர்னியா பல்கலையில் ஆடி, அப்புறம் இண்டியானாவுக்கு வந்து, நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கினார். 2025 டிசம்பரில் ஓஹையோ ஸ்டேட்டை 13-10 என்று வென்று, அடுத்த மாதமே தேசிய சாம்பியனும் ஆனார்கள். பாதிக்கு மேல் நான்கு, ஐந்து ஸ்டார் வேண்டும் என்ற எலியட்டின் அளவுகோல் அங்கே உடைந்தது. அதற்காக எல்லாருக்கும் உடைந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஒரு சிக்னெட்டி கிடைப்பது ஐந்து ஸ்டார் கிடைப்பதைவிட அரிது.

எனவே தம்பி கணக்குப் போடட்டும், தடுக்காதீர்கள். அணியில் இருக்கும் அத்தனை பேரின் ஸ்டாரையும் கூட்டுவதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள், களத்தில் ஒரு நேரத்தில் நிற்பது 11 பேர். நவம்பர் கடைசியில் மிச்சிகன் ஆட்டம் வரும்போது ஓஹையோ ஸ்டேட்டின் தாக்குதல் வரிசையில் ஐந்து பேர் யார், எத்தனையாவது வருடம், யாருக்குக் கட்டுப் போட்டிருக்கிறது, அவர்களுக்கு நேர் எதிரே மிச்சிகனில் நிற்கப்போகிறவன் யார் என்று ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். ஸ்டாரை அதற்குப் பக்கத்தில் சின்னதாகக் குறித்துக்கொள்ளட்டும்.