பாய்மரப் படகிலிருந்து அவுட்போர்டு மோட்டாரைக் கழற்றுவது: கேள்வி பதில்

படகின் பின்பலகையிலோ அதில் பொருத்திய ஏற்றி இறக்கும் பிராக்கெட்டிலோ மாட்டியிருக்கும் 4 முதல் 10 குதிரைத்திறன் வரையான நான்கு ஸ்ட்ரோக் மோட்டாருக்கே இந்தப் பதில்கள்.

கேள்வி: 6 குதிரைத்திறன் மோட்டார். ஆண்டுப் பராமரிப்புக்குக் கழற்ற வேண்டும். படகு தண்ணீரில்தான் நிற்கிறது. கரையேற்றாமல் கழற்றலாமா?

கழற்றலாம். அலை அடங்கிய நேரம் வேண்டும், இரண்டு பேர் வேண்டும். எதை முதலில் செய்வது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள்.

மோட்டாரைப் பின்பலகையோடு இறுக்கிப் பிடிக்கும் திருகுப் பிடியான கிளாம்பில் கைவைப்பதற்கு முன்பே காப்புக் கயிற்றைக் கட்டிவிடுங்கள். மோட்டாரின் பிராக்கெட் வழியாகக் கயிற்றைக் கோத்து, படகின் பின்புறக் கட்டுக்கொம்பில் கட்ட வேண்டும். கைப்பிடிக் கம்பியில் கட்டினால் திடீர் இழுப்பில் கம்பி வளைந்துவிடும். கயிறு குட்டையாக இருக்கட்டும். மோட்டார் நழுவினாலும் அதன் தலை தண்ணீரைத் தொடக்கூடாது.

அடுத்து பெட்ரோல் குழாயைப் பிடுங்கிவிட்டு மோட்டாரை ஓடவிடுங்கள். கார்புரேட்டர் காலியானதும் தானே நிற்கும். டேங்க் மோட்டாருக்குள்ளேயே இருந்தால் பெட்ரோல் வால்வை மூடிவிட்டு இதையே செய்யலாம். மூடியிலுள்ள காற்றுத் திருகையும் மூட மறக்காதீர்கள். பேட்டரி இணைப்பு இருந்தால் முதலில் நெகட்டிவைக் கழற்றி, ஒயர் முனைகளில் டேப் சுற்றுங்கள். கியர், த்ராட்டில் கேபிள்கள் இருந்தால் கழற்றுமுன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கிளாம்ப் தவிர, பின்பலகையை ஊடுருவி இரண்டு போல்ட் இருக்கிறதா என்றும் பாருங்கள். அதை விட்டுவிட்டு "ஏன் அசையவே மாட்டேங்குது" என்று மல்லுக்கட்டுபவர்கள் உண்டு.

கேள்வி: ஸ்பிரிங் பிராக்கெட்டில் மாட்டியிருக்கிறது. தனியாக ஏதாவது கவனிக்க வேண்டுமா?

கட்டாயம். அந்த ஸ்பிரிங், மோட்டாரின் எடையைத் தாங்கும் அளவுக்கு முறுக்கேறி இருக்கும். பிராக்கெட் கீழே இருக்கும்போது மோட்டாரைத் தூக்கினால், எடை போன நொடியில் அது மேலே பாய்ந்து தாடையைப் பதம் பார்க்கும். உச்ச நிலைக்கு ஏற்றிப் பூட்டிய பிறகே கழற்றுங்கள்.

கேள்வி: எடை 27 கிலோ சார். குனிந்து தூக்கினால் இடுப்பு போய்விடும். பூமை (முதன்மைப் பாயின் அடியைத் தாங்கும் கிடைக் கம்பத்தை) கிரேனாகப் பயன்படுத்தலாமா?

பூம் நுனி மோட்டாருக்கு நேர் மேலே எட்டினால் நல்ல வழிதான். ஆனால் பூம் நுனியைத் தாங்கும் மெல்லிய கயிற்றை நம்ப வேண்டாம். முதன்மைப் பாயை ஏற்றும் கயிற்றை பூம் நுனியில் மாட்டி, எடையை அதில் ஏற்றுங்கள். பாயை இழுக்கும் கப்பித் தொகுதி நாலுக்கு ஒன்று என்றால், 27 கிலோவைக் கையில் ஏழு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக உணர்வீர்கள். உராய்வையும் சேர்த்து கொஞ்சம் கூடும். பூம் தானாகத் திரும்பாமல் இருக்க இரு பக்கமும் பக்கக் கயிறு கட்டுங்கள். மோட்டார் அந்தரத்தில் தொங்கும்போது படகு ஒரு பக்கம் ஆடினால், பூமும் அதோடு சேர்ந்து வீசும். ஒருவர் கப்பியில், ஒருவர் மோட்டாரில். மோட்டாருக்குக் கீழே யாரும் கைகால் நீட்ட வேண்டாம்.

பூம் எட்டாவிட்டால், படகின் ஓரக் கம்பியில் பொருத்தும் சிறு தூக்கியே மேல்.

கேள்வி: கிளாம்ப் திருகு இரண்டும் இறுகிவிட்டன. சுத்தியலால் தட்டட்டுமா?

வேண்டாம், கைப்பிடி முறிந்துவிடும். அலுமினியத்துக்குள் ஸ்டெயின்லெஸ் திருகு, நடுவில் உப்புநீர்: இரண்டு உலோகங்களுக்கு இடையே அலுமினியம் அரித்து, வெள்ளைப் பொடியாகி மரையை அடைத்துக்கொள்கிறது. ஊடுருவும் எண்ணெயை விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் கால் சுற்று தளர்த்தி, கால் சுற்று இறுக்கி, மறுபடி எண்ணெய் விடுங்கள். ஒரே மூச்சில் திருப்பினால் அந்தப் பொடியே மரையைக் கிழித்துவிடும். திரும்ப மாட்டும்போது மரையில் தண்ணீர் தாங்கும் கிரீஸ் பூசினால் அடுத்த ஆண்டு இந்தக் கேள்வியே வராது.

கேள்வி: கழற்றியதும் கீழே படுக்க வைக்கலாமா?

உடனே வேண்டாம். சில நிமிடம் நேராக நிறுத்தி, குளிர்விக்கும் தண்ணீர் முழுக்க வடியட்டும். இன்ஜின் தலை, ப்ரொப்பெல்லர் பகுதியைவிடத் தாழ்ந்தால், மிச்சத் தண்ணீர் புகைக்குழாய் வழியாக சிலிண்டருக்குப் போய்விடும். எந்தப் பக்கம் படுக்க வைப்பது என்பதும் உங்கள் விருப்பமல்ல. கையேட்டில் சொல்லியிருக்கும், பல மோட்டார்களில் அந்தப் பக்கத்தில் தாங்கும் முட்டுகளே இருக்கும். மறுபக்கம் சாய்த்தால் இன்ஜின் ஆயில் சிலிண்டருக்குள்ளோ ஏர் இன்டேக்குக்குள்ளோ கசியும். அப்புறம் கிளப்பினால் வெள்ளைப் புகைதான்.

கேள்வி: கியர் ஆயில் பால் மாதிரி வருகிறது.

தண்ணீர் புகுந்திருக்கிறது. ப்ரொப்பெல்லரைக் கழற்றி, ஷாஃப்டைச் சுற்றித் தூண்டில் நரம்பு சிக்கியிருக்கிறதா பாருங்கள். ஆயில் சீலை அறுக்கும் முதல் எதிரி அதுதான். நரம்பு இல்லையென்றால் வடிகால் திருகின் வாஷர் மீது சந்தேகப்படுங்கள். அதை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டும்.

ஆயில் நிரப்பும்போது கீழ்த் துளையிலிருந்து பம்ப் செய்யுங்கள், மேல் துளையில் ஆயில் வழியும் வரை. மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று தங்கிவிடும். முதலில் மேல் திருகை மூடுங்கள், பிறகு பம்பை எடுத்துக் கீழ்த் திருகைப் போடுங்கள். வரிசை மாறினால் ஆயில் எல்லாம் தரையில்.

கேள்வி: இம்பெல்லர் (குளிர்விக்கும் தண்ணீரை ஏற்றும் பம்பின் ரப்பர் இதழ்ச் சக்கரம்) மாற்றினேன், இருந்தும் பக்கவாட்டில் தண்ணீர் பீறிடவில்லை. புது இம்பெல்லரும் பழுதா?

பெரும்பாலும் இல்லை. கீழ்ப்பகுதியை மேலே ஏற்றி மூடும்போது, மேலிருந்து வரும் தண்ணீர்க் குழாய் பம்ப் ஹவுசிங்கின் ரப்பர் துளைக்குள் சரியாக நுழையவில்லை என்றால் இப்படித்தான் ஆகும். மறுபடி இறக்கி, டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே ஏற்றுங்கள். இம்பெல்லரை ஷாஃப்டோடு பிணைக்கும் சிறு சாவித்துண்டு நழுவி விழுந்திருந்தாலும் ஷாஃப்ட் சுற்றும், இம்பெல்லர் சுற்றாது.

இன்னொன்று: பழைய இம்பெல்லரில் ஒரு இதழ் குறைந்திருந்ததா? அந்தத் துண்டு மேலே குழாயிலோ தெர்மோஸ்டாட்டிலோ போய் அடைத்திருக்கும். அதைத் தேடி எடுக்காமல் ஓட்ட வேண்டாம்.

கேள்வி: தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம் மட்டும் கிளப்பிப் பார்க்கலாமா?

கூடாது. ரப்பர் இதழ்கள் அதற்குள் கருகும்.

கேள்வி: அண்ணே, கயிறு கட்டாமல் விட்டேன், கடலுக்குள் விழுந்துவிட்டது. எடுத்தாயிற்று. இப்போது?

உப்புநீரில் ஊறியதைவிட, வெளியே எடுத்துக் காற்றில் உலரவிடுவதே அதிகக் கேடு. இன்றைக்கே வேலை பார்க்க முடியாவிட்டால், நல்ல தண்ணீரில் முழுக்க மூழ்கவைத்து விடுங்கள்.

வேலை பார்க்கும்போது நல்ல தண்ணீரால் நன்றாக அலசி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, துளை கீழ்நோக்கி இருக்கும்படி மோட்டாரைப் பிடித்து ஸ்டார்ட்டர் கயிற்றை மெதுவாக இழுங்கள். தண்ணீர் வெளியேறும். கயிறு நின்று தட்டினால் வலிந்து இழுக்காதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது விழுந்திருந்தால் கனெக்டிங் ராடே வளைந்திருக்கக்கூடும், அதற்கு மெக்கானிக்தான். தடையின்றிச் சுற்றினால், பெட்ரோலை வடித்து, கார்புரேட்டரைத் துடைத்து, இன்ஜின் ஆயிலை மாற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு, காய்ந்த பிளக்கைப் போட்டுக் கிளப்புங்கள். பத்து நிமிடம் ஓடியதும் ஆயிலைப் பாருங்கள். மங்கலாக இருந்தால் மறுபடி மாற்றுங்கள். இரண்டு மூன்று தடவை ஆகலாம்.

கேள்வி: திரும்ப மாட்டும்போது?

மோட்டாருக்குப் பதிலாகத் தான் அரித்துக் கரையும் துத்தநாகக் கட்டி பாதி கரைந்திருந்தால் மாற்றுங்கள். அதன்மேல் பெயின்ட் படக்கூடாது, பட்டால் அது வேலை செய்யாது. போல்ட் துளைகளில் சீலன்ட் வையுங்கள். கிளாம்பைக் கையால் இறுக்கி, ஒரு மணி நேரம் ஓடியபின் மறுபடி பாருங்கள். அதிர்வில் எப்படியும் கொஞ்சம் தளர்ந்திருக்கும். காப்புக் கயிற்றை அதுவரை அவிழ்க்க வேண்டாம்.