கேள்வி - பதில்: லிபியாவுல ஜனநாயகம் தேறுமா?

கேள்வி: லிபியாவே இனக்குழுக்கள் நாடு, அங்க ஜனநாயகமெல்லாம் ஒத்து வராது, 2011ல நேட்டோ ராணுவக் கூட்டணி வந்து சர்வாதிகாரி கடாஃபியை இறக்கினதே வீண்னு என் நண்பர் அடிச்சு சொல்றார். சரியா?

பதில்: நேட்டோ பத்தி அப்புறம் வரேன், ஆனா "ஒத்து வராது"ன்னு சொல்றது அந்த ஜனங்களுக்கு பண்ற அநியாயம்ங்க. 2012 ஜூலை 7 அன்னைக்கு நடந்த நாடாளுமன்றத் தேர்தலைப் பத்தி உங்க நண்பர்கிட்ட சொல்லுங்க. 40 வருஷத்துக்கும் மேல தேர்தலையே பார்க்காத நாடு, கட்சியில சேர்ந்தா மரண தண்டனைன்னு சட்டம் இருந்த நாடு, அங்க பதிவு பண்ணவங்கள்ல 60 சதவீதத்துக்கு மேல வந்து ஓட்டு போட்டாங்க. கிழக்குல இருக்கற பெங்காசி நகரம் பக்கம் சில பூத்தை அடிச்சு நொறுக்கி ஓட்டுச்சீட்டை எரிச்சாங்க, அப்பவும் ஜனம் விடல, மூடின பூத்தை திரும்ப திறக்க வெச்சு ஓட்டு போட்டுட்டு மை வெச்ச விரலை தூக்கி காட்டிக்கிட்டு வெளிய வந்தாங்க. கட்சிகளுக்கு ஒதுக்கின 80 சீட்ல 39 கடாஃபி எதிர்ப்பு இடைக்கால அரசுல பிரதமரா இருந்த மஹ்மூத் ஜிப்ரிலோட கூட்டணிக்கு போச்சு, அவர் வார்ஃபல்லாங்கற குலம், ஆனா ஒரு குலத்து ஓட்டை மட்டும் வெச்சு அத்தனை சீட் வராது. தனி ஆளுங்க நின்ன 120 சீட்ல சொந்த ஊரு, குலம்லாம் கணக்குல வந்துச்சு, ஒத்துக்கறேன், அது எந்த ஊர் தேர்தல்ல இல்ல?

கேள்வி: அப்போ எங்க கோட்டை விட்டாங்க?

பதில்: துப்பாக்கியை கீழ வைக்க வைக்காம தேர்தல் நடத்தினாங்க பாருங்க, அங்கதான். கடாஃபி காலத்துல ராணுவத்தையே வேணும்னு பலவீனமா வெச்சிருந்தார், அவர் போனதும் ஆயுதக் கிடங்கு எல்லாம் திறந்து கிடந்துச்சு, மிஸ்ரட்டா நகரத்துக்கு ஒரு படை, ஸிந்தான் நகரத்துக்கு ஒரு படைன்னு ஊருக்கு ஊர் கிளம்பிடுச்சு. இவங்களை கலைக்க முடியாத அரசாங்கம் எண்ணெய் காசுல சம்பளம் போட ஆரம்பிச்சது, சம்பளம்னு தெரிஞ்சதும் நிஜமா சண்டை போட்டவங்களை விட பல மடங்கு பேர் "நானும் போராளி"ன்னு பேர் குடுத்தாங்க, அப்புறம் யார் துப்பாக்கியை விடுவா?

2013 மே மாசம் இந்த படைங்க வெளியுறவு அமைச்சகத்தை பீரங்கி பொருத்தின பிக்கப் வண்டியால சுத்தி வளைச்சு நின்னாங்க, கடாஃபிகிட்ட பதவியில இருந்த யாரும் இனி அரசியல்ல இருக்கக்கூடாதுன்னு சட்டம் போடுன்னு. நாடாளுமன்றமும் பயந்து போட்டுது. அதுல முதல்ல அடிபட்டவர் யார் தெரியுமா, அந்த நாடாளுமன்றத்தோட தலைவர் மகரியெஃப். 1980ல நம்ம இந்தியாவுல லிபியா தூதரா இருக்கும்போதே கடாஃபியை எதிர்த்து வெளிய வந்து, 30 வருஷம் நாடு கடந்து போராடின மனுஷன், தூதரா இருந்த பாவத்துக்கு ராஜினாமா பண்ணிட்டு போனார். எனக்கு இன்னிக்கும் மனசு ஆறாத விஷயம் இது.

அடுத்த வருஷ தேர்தல்ல ஓட்டு பாதிக்கும் கீழ போச்சு, மேற்குல தலைநகர் திரிபோலியில ஒரு அரசு, கிழக்குல டோப்ருக்ல ஒரு அரசுன்னு நாடு ரெண்டாச்சு. 2021 டிசம்பர் 24க்கு அறிவிச்ச தேர்தலும் நடக்கல.

கேள்வி: இதுல வெளிநாடுகளுக்கு பொறுப்பே இல்லையா?

பதில்: நிறைய இருக்கு. 2011ல ஐநாவோட 1973ம் நம்பர் தீர்மானம் மக்களை காப்பாத்தன்னுதான் வந்துச்சு, இந்தியா அதுல ஓட்டு போடாம ஒதுங்கிடுச்சு. நேட்டோக்காரங்க ஏழு மாசம் வானத்துல இருந்து குண்டு போட்டாங்க, கடாஃபி செத்த பதினோரு நாள்ல மூட்டை கட்டிட்டாங்க. அதுக்கப்புறம் வந்தவங்க ஆளுக்கொரு பக்கம் பிடிச்சாங்க, கிழக்கு லிபியாவோட படைத் தளபதி ஹஃப்தாருக்கு எகிப்து, எமிரேட்ஸ், ரஷ்யா, திரிபோலி அரசுக்கு துருக்கி.

கேள்வி: நம்பிக்கை வைக்க எதாவது இருக்கா?

பதில்: இருக்கு, அதுவும் உங்க நண்பர் குறை சொல்ற அந்த குலப் பெரியவங்ககிட்டயே. தவர்கான்னு ஒரு ஊர், கடாஃபிக்கு துணை போனாங்கன்னு சொல்லி 2011ல மிஸ்ரட்டா படை சுமார் 40,000 பேரை ஒட்டுமொத்தமா விரட்டி வீடுகளை எரிச்சது. 2018 பிப்ரவரியில திரும்பிப் போலாம்னு கிளம்பின குடும்பங்களை வழியிலயே மறிச்சாங்க, பச்சைக் குழந்தைகளோட பாலைவனக் குளிர்ல கூடாரத்துல கிடந்தாங்க. அப்புறம் ரெண்டு ஊர்ப் பெரியவங்களும் உட்கார்ந்து பேசி அதே வருஷம் கையெழுத்து போட்டப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமா வீடு திரும்பினாங்க. 2024 நவம்பர்ல 58 ஊர்ல உள்ளாட்சி தேர்தல் நடந்துச்சு, கிழக்கு மேற்கு தெற்கு மூணு பக்கமும், பதிவு பண்ணவங்கள்ல முக்கால்வாசி பேர் வரிசையில நின்னாங்க.