நிலக்கரிக்குள் ஆர்சனிக் தேடும் படிப்புக்கு வேலை உண்டா?

"உலகமே நிலக்கரியைக் கைவிடுகிறது, மகள் எம்.எஸ்சி. ஜியாலஜி புராஜெக்டுக்கு அதையே பிடித்துக்கொண்டு நிற்கிறாள்" என்று எழுதியிருந்தீர்கள். தடுக்காதீர்கள். ஆனால் எந்த லேபில், எதையெல்லாம் தன் கையால் செய்யப்போகிறாள் என்று கேளுங்கள்.

நிலக்கரியிலுள்ள ஆர்சனிக்கும் பாதரசமும் பெரும்பாலும் பைரைட் என்ற இரும்பு சல்பைடு கனிமத்தோடு இருக்கும். காட்மியம் ஸ்பேலரைட் என்ற துத்தநாக சல்பைடில், மாங்கனீசு கார்பனேட்டுகளில், அருமண் தனிமங்கள் மோனசைட் போன்ற பாஸ்பேட்டுகளில். எது எந்தக் கனிமத்தில் என்று தெரிந்தால்தான், கழுவினால் போகுமா, புகையோடு பறக்குமா, சாம்பலில் தங்குமா என்று சொல்ல முடியும். அனல்மின் நிலையப் புகையில் பாதரசம் ஒரு கனமீட்டருக்கு 0.03 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று 2015 டிசம்பரிலேயே மத்திய அரசு விதித்துவிட்டது. நாளைக்கே நிலக்கரி நின்றாலும், குவிந்து கிடக்கும் சாம்பலையும் அதனருகே உள்ள கிணற்று நீரையும் சோதிக்க ஆள் வேண்டும்; முறை ஏறக்குறைய அதேதான்.

சறுக்குவது லேபில்தான். சாம்பல் சதவீதம் பார்க்கும் 815 டிகிரி உலையில் வைத்த மாதிரியில் பாதரசத்தைத் தேடினால் கிடைக்காது, ஆவியாகியிருக்கும். எஃகு அரவையில் பொடித்தால் குரோமியம் ஏறும்; டங்ஸ்டன் கார்பைடு என்றால் கோபால்ட். களிமண்ணையும் குவார்ட்சையும் முழுதாகக் கரைக்க ஹைட்ரோபுளோரிக் அமிலம் வேண்டும். அது கண்ணாடியையே தின்னும், அதனால் டெஃப்லான் கலன்தான். தோலில் பட்டால் உடனே தடவ வேண்டிய கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாத லேபில் அந்த அமிலத்தைத் தொடவே வேண்டாம் என்று மகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

கரைசலிலுள்ள தனிமங்களை அவற்றின் நிறையை வைத்து அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவியில் இன்னொரு பொறி. கரைசலில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருந்தால் ஆர்கானும் குளோரினும் சேர்ந்து நிறை 75-இல் வந்து நிற்கும். ஆர்சனிக்கின் நிறையும் 75. இல்லாத ஆர்சனிக் இருப்பதாகக் கணக்காகிவிடும். ஹைட்ரோகுளோரிக்கை விட்டு நைட்ரிக் அமிலத்தைப் பயன்படுத்துவது, அல்லது இப்படி ஒட்டிவரும் போலி அயனிகளை வடிகட்டும் ஹீலியம் மோதல் செல் பயன்படுத்துவது, இரண்டும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நேர்முகத் தேர்வில் குடைய ஏற்ற இடம் இது.

வேலை விஷயம். நிலக்கரி லேபுகளில் தினசரிப் பிழைப்பு ஈரம், சாம்பல், வெப்ப மதிப்பு என்றுதான் ஓடுகிறது. ஆர்சனிக், பாதரசம் போல மிகச் சிறிய அளவில் இருக்கும் சுவடுத் தனிமத்துக்கென்றே தனி வேலை அரிது. ஆகவே மேற்படிப்புக்கான கேட் நுழைவுத் தேர்வில் ஜியாலஜி தாளையும், மத்திய அரசுப் பணிக்கான யுபிஎஸ்சியின் ஒருங்கிணைந்த ஜியோ-சயின்டிஸ்ட் தேர்வையும் இப்போதே தொடங்கட்டும். அதிலுள்ள கெமிஸ்ட் பதவிக்கு வேதியியல் முதுகலை வேண்டும். ஜியாலஜி படித்தவர்களுக்கு ஜியாலஜிஸ்ட் பதவி. ஆராய்ச்சிதான் ஆசை என்றால் தன்பாத்தில் ஐஐடியும், சிஎஸ்ஐஆரின் சுரங்க, எரிபொருள் ஆய்வு நிறுவனமும் இருக்கின்றன. தமிழ்நாட்டிலேயே நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி இருக்கிறது, மாதிரிக்கு வடக்கே ஓட வேண்டியதில்லை.

கல்லூரியில் ஐசிபி-எம்எஸ் இல்லாவிட்டால் பரவாயில்லை, அளவீட்டை வெளி லேபுக்கு அனுப்பலாம். பொடிப்பதும் கரைப்பதும் மட்டும் அவளே செய்யட்டும். ஒவ்வொரு தொகுதியோடும் மாதிரியில்லாத ஒரு வெற்றுக் கரைசலும், அளவு முன்பே தெரிந்த ஒரு சான்று நிலக்கரியும் போகட்டும்; அப்போதுதான் வரும் எண்ணை நம்பலாமா என்று தெரியும்.