பின்னினாளா, முடைந்தாளா?

கேள்வி: என் மகள் தமிழ்க் கட்டுரையில் "பாட்டி கூடை பின்னினாள்" என்று எழுதியிருந்தாள். ஆசிரியர் அதை அடித்து "முடைந்தாள்" என்று திருத்தி, மதிப்பெண்ணையும் குறைத்துவிட்டார். இங்கே மொரீசியஸில் நாங்கள் பேசும் கிரியோல் மொழியில் தலைமுடிக்கும் கூடைக்கும் "த்ரெசே" என்ற ஒரு சொல் போதுமே. தமிழில் எது சரி?
(வாசகி, வாக்வா)

பதில்: மகள் எழுதியது பிழையே இல்லை. மதிப்பெண்ணைக் குறைத்திருக்க வேண்டாம். தமிழ்நாட்டில் வயர் கூடை போடுகிறவர்கள் "கூடை பின்னுகிறேன்" என்றுதான் சொல்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் கூரை வேயும் தென்னோலைக் கிடுகையும் பின்னுவார்கள். ஆனால் ஆசிரியர் எழுதிக் கொடுத்த சொல் அருமையான சொல். அதை மகள் விட்டுவிடக் கூடாது.

நீங்கள் இருக்கும் ஊரே வாக்வா மரத்தால் பெயர் பெற்றது. நம் தாழைக்கு நெருங்கிய உறவு அது. அந்த நாளில் மொரீசியஸ் சீனி கப்பலேறியது வாக்வா ஓலைப் பைகளில்தான். சணல் சாக்கு பிறகு வந்தது. என் பாட்டி காலத்தில் கூடையும் சந்தைப் பையும் மிஞ்சியிருந்தன. ஓலையின் இரண்டு ஓரத்திலும் நடு நரம்பின் அடியிலும் முள் இருக்கும். பாட்டி முதலில் அந்த மூன்று வரிசையையும் கத்தியால் சீவி எடுப்பார். வெயிலில் காயவைத்து, சுண்டுவிரல் அகலத்துக்குக் கிழிப்பார். பிறகு தரையில் உட்கார்ந்து, ஓலை நுனிகளைக் கால் பெருவிரலால் மிதித்துக்கொண்டு, ஒன்றுவிட்டு ஒன்றாகத் தூக்கி, குறுக்கே ஓர் ஓலையைச் செருகி, நகத்தால் நெருக்கித் தள்ளுவார். நான் செருகினால் இடைவெளி விழும். "நெருக்கி முடை, நெருக்கி முடை" என்பார். மற்றப் பேச்செல்லாம் கிரியோலாகிவிட்ட வீட்டில் அந்தச் சொல் மட்டும் ஓலையோடு ஒட்டிக்கொண்டு இருந்தது.

முடைவது அதுதான்: பட்டையான ஓலையோ மூங்கில் பிளாச்சோ குறுக்கும் நெடுக்குமாக ஏறி இறங்கி ஒரு பரப்பாவது. கூடை, பெட்டி, ஓலைப்பாய், கூரைக்கீற்று எல்லாம் அப்படி உருவாகின்றன. முடைந்த கீற்றைக் கூரையில் அடுக்கிக் கட்டுவதோ வேய்தல். பின்னுவது இழைகள் ஒன்றன்மேல் ஒன்று புரண்டு பிணைவது. மூன்று கால் சடை அதற்கு நல்ல உதாரணம். சடையை யாரும் முடைவதில்லை. பின்னு என்ற சொல் வீட்டை விட்டு வெகுதூரம் போய்விட்டது. சிலந்தி வலை பின்னுகிறது, சதிவலை பின்னுகிறார்கள், பயத்தில் கால் பின்னுகிறது. முடைதல் கைவேலையோடு நின்றுவிட்டது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

பாயில் ஒரு நுட்பம் உண்டு. பனையோலைப் பாயை முடைவார்கள். பத்தமடைக் கோரைப்பாயை நெய்வார்கள், ஏனென்றால் அங்கே தறி இருக்கிறது. தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூலுக்குக் குறுக்கே கோரை ஓடுகிறது. பொருள் இரண்டும் பாய்தான். வினைச்சொல்லைக் கேட்டாலே எப்படிச் செய்தது என்று தெரிந்துவிடுகிறது.

மகளிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். "முடைத்தாள்" என்று சிலர் எழுதுகிறார்கள், அது தவறு. மோர் கடைந்தாள், பானை வனைந்தான், கூரை வேய்ந்தான், கூடை முடைந்தாள். கைத்தொழில் சொற்கள் நான்கும் ஒரே அச்சில் நிற்பதைப் பாருங்கள். இந்த நான்கையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தபின் என் வகுப்பில் பிள்ளைகள் அந்தப் பிழையைச் செய்ததில்லை.

கேள்வி: தைப்பூசக் காவடிக்குக் குருத்தோலையும் பூவும் தயார் செய்கிறோம். இரண்டையும் "கட்டுகிறோம்" என்றே சொல்லிப் பழகிவிட்டோம். சரியா?
(வாசகர், ரோஸ் ஹில்)

பதில்: சரிதான். காவடியில் வைத்துக் கட்டுவதால் இரண்டுக்கும் அது பொருந்தும். பூவை நாரில் சேர்க்கும்போது "கட்டுதல்" என்றும் சொல்லலாம், "தொடுத்தல்" என்றும் சொல்லலாம். ஊசியில் ஏற்றினால் கோத்தல். குருத்தோலையைக் கிழித்து மடித்துக் கிளியும் சங்கிலியுமாகச் செய்கிறீர்களே, அந்த வேலைக்குப் "பின்னுதல்" இருக்கிறது. அடுத்த தைப்பூசத்துக்குக் கோவில் மண்டபத்தில் ஓலையைப் பிரித்துக் கொடுக்கும்போது இளையவர்களிடம், "நீ பூத் தொடு, நீ ஓலை பின்னு" என்று சொல்லிப் பாருங்கள்.