தடுப்பூசி போட்ட கோழிக்கும் அம்மை வருகிறதே, ஏன்?

மார்த்தாண்டம் பக்கம் நாட்டுக்கோழி வளர்க்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: கோழி அம்மைக்குக் கொசுதான் காரணமா? தடுப்பூசி போட்டும் வருகிறதே, பரிசோதனைக்கு அனுப்பினால் ஏதும் பயன் உண்டா?

கொசுவுக்குப் பங்கு உண்டு. ஆனால் டெங்கு பரவுகிற விதம் வேறு, இது வேறு. டெங்கு வைரஸ் கொசுவின் உடம்புக்குள் பெருகி, எச்சில் சுரப்பி வரை போய்ச் சேர வேண்டும். அம்மை வைரஸ் கொசுவுக்குள் பெருகுவதே இல்லை. கொசு கடிக்கும் ஊசி போன்ற வாயில் ஒட்டிக்கொண்டு அடுத்த கோழியின் கொண்டைக்கும் கண்ணோரத்துக்கும் போய்விடும். வாரக்கணக்கில் அப்படி ஒட்டியிருக்கும். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம். ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்காத நாட்களில் சிரட்டையைக் கவிழ்க்காமல் விட்டால் அத்தனையிலும் கொசுப்புழுதான். முதலில் அதைக் கவிழ்த்து வையுங்கள்.

தடுப்பூசி போட்டால், இறக்கைச் சவ்வில் குத்திய இடத்தில் 7 முதல் 10 நாளுக்குள் சின்ன வீக்கமோ பொருக்கோ தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மருந்து பிடிக்கவில்லை என்று அர்த்தம். அதைப் பார்க்காமல் வைரஸைக் குறை சொல்லக் கூடாது.

மருந்து பிடித்த கோழிகளுக்கும் அம்மை வந்தால் வைரஸின் மரபணுவைத்தான் பார்க்க வேண்டும். இந்த வைரஸின் மரபணு வரிசை 2000-இல் முழுவதுமாக வெளிவந்தது. நீளம் சுமார் 2,88,000 டிஎன்ஏ எழுத்துகள். அதற்குள் இன்னொரு வைரஸ் குடியிருக்கலாம் என்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு. ரெட்டிகுலோஎண்டோதீலியோசிஸ் என்கிற ரெட்ரோவைரஸ் அது, அதாவது தன் மரபணுவை இன்னொன்றின் மரபணுவுக்குள் செருகிக்கொள்ளும் வகை. கோழியின் நோய் எதிர்ப்பையே குலைக்கும். பண்ணைகளில் திரியும் அம்மை வைரஸ்கள் பலவற்றில் அது ஏறக்குறைய முழுசாக இருக்கிறது. தடுப்பூசி வைரஸ்களில் பெரும்பாலும் அதன் மிச்சத் துண்டு மட்டுமே. வழக்கமாகச் செய்யும் பிசிஆர் (மரபணுத் துண்டைப் பெருக்கிப் பார்க்கும் சோதனை), பி4பி என்ற மரபணுவைப் பார்த்து, இது அம்மைதான், இந்தக் கிளையைச் சேர்ந்தது என்று சொல்லும். உள்ளே குடியிருப்பதைச் சொல்லாது. ஆகவே அதையும் தனியாகப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

வாத்து வளர்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2010-இல் சீனாவில் வாத்துகளின் முட்டையைத் திடீரென்று நிறுத்திய டெம்புசு வைரஸ், முதன்முதலில் 1955-இல் கோலாலம்பூரில் ஒரு கியூலெக்ஸ் கொசுவில் கிடைத்தது. மூளைக்காய்ச்சலைப் பரப்பும் அதே இனக் கொசு நம் வயல்களிலும் உண்டு. டெம்புசுவின் மரபணு, எளிதில் சிதையும் ஆர்என்ஏவால் ஆனது. மாதிரியை ஐஸில் வைக்காவிட்டால் சிதைந்துவிடும்.

அம்மைப் பொருக்கு அவ்வளவு சீக்கிரம் கெடாது. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசுவதற்கு முன்னால் இரண்டு மூன்று பொருக்கைச் சுத்தமான, காய்ந்த சிறு குப்பியில் எடுத்து மூடுங்கள். ஸ்பிரிட், ஃபார்மலின் எதுவும் ஊற்ற வேண்டாம். கோழியின் வயது, தடுப்பூசி போட்ட தேதி, மருந்துக் குப்பியில் உள்ள தொகுதி எண் மூன்றையும் எழுதி, உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவரிடம் கொடுங்கள். நமக்குப் பக்கத்தில் திருநெல்வேலி இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே அனுப்ப முடியுமா என்று அவரிடமே கேட்கலாம்.