வாசகர் கேள்வி – பதில்: மயிலாப்பூரின் சிறிய அரங்குகள்

கேள்வி: மார்கழியில் மகள் வீட்டுக்கு மந்தைவெளி வருகிறேன். கையில் நான்கு நாட்கள்தான் இருக்கின்றன. கச்சேரி நடத்தும் பெரிய சபாக்களில் மாலைக் கச்சேரிகளுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. சிறிய அரங்குகளில் நடப்பவை கேட்கத் தகுந்தவையா?
– மன்னார்குடி வாசகி

பதில்: டிக்கெட் கிடைக்காததற்காக நீங்கள் சிறிதும் வருந்த வேண்டாம். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அமரும் மண்டபத்தின் கடைசி வரிசையில் பாடகரின் முகம்கூடத் தெரியாமல் கேட்பதைவிட, நூறு அல்லது இருநூறு பேர் அமரும் ஒரு கூடத்தில், தம்பூராவின் ஓசை காதில் விழும் தொலைவில் கேட்பதையே நான் விரும்புவேன். லஸ்ஸில் உள்ள ராகசுதா அரங்கம், ரானடே நூலகத்தைச் சேர்ந்த சீனிவாச சாஸ்திரி அரங்கம், கற்பகாம்பாள் நகரில் உள்ள கோகலே சாஸ்திரி இன்ஸ்டிடியூட் ஆகிய மூன்றும் நடந்தே போய்வரக்கூடியவை. பிற்பகல் கச்சேரிகள் பெரும்பாலும் இலவசமானவை. இருபது வயதில் அங்கே பாடும் பிள்ளைகளில் சிலரைப் பத்தாண்டுகள் கழித்து நீங்கள் பெரிய மேடைகளில் பார்ப்பீர்கள். அந்தப் பிற்பகல் கச்சேரிகளில் மூத்த வித்வான்கள் சிலர் முன்வரிசையில் உட்கார்ந்து தாளம் போட்டுக் கேட்டுக்கொண்டிருப்பதும் உண்டு.

ஒரே ஒரு யோசனை சொல்கிறேன். ஒரு நாளில் மூன்று, நான்கு கச்சேரி என்று ஓடாதீர்கள். ஒன்றைத் தேர்ந்துகொண்டு, முதல் வர்ணத்திலிருந்து மங்களம்வரை இருந்து கேளுங்கள்.

கேள்வி: 1927-இல் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது அதை ஒட்டி நடந்த இசை மாநாட்டில்தான் மார்கழி இசை விழாவான டிசம்பர் சீசன் தொடங்கியது என்று படித்திருக்கிறேன். அப்படியானால் அதைப் பேட்டை விழா, அதாவது அந்தந்தப் பகுதி மக்கள் உருவாக்கிய விழா, என்று சிலர் சொல்வது எப்படிப் பொருந்தும்?
– திருச்சி வாசகர்

பதில்: நீங்கள் படித்தது சரிதான். அந்த மாநாட்டின் பயனாக 1928-இல் மியூசிக் அகாடமி உருவானது. அதன் ஆண்டு மாநாட்டைச் சுற்றியே டிசம்பர் சீசன் வளர்ந்தது. ஆனால் சபா என்ற அமைப்பு அதற்கு முந்தியது. திருவல்லிக்கேணியில் ஸ்ரீ பார்த்தசாரதி சுவாமி சபா 1900-இலேயே தொடங்கப்பட்டுவிட்டது. அந்தப் பகுதியின் கோயில் தெய்வத்தின் பெயரையே சபாவுக்கு வைத்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். அக்கம்பக்கத்தவர் சந்தா செலுத்தி, கிடைத்த இடத்தில் ஹரிகதையும் கச்சேரியும் நடத்திய காலம் அது. மயிலாப்பூரில் ரசிக ரஞ்சனி சபா 1929-இல் வந்தது; தியாகராய நகரில் ஸ்ரீ கிருஷ்ண கான சபா 1953-இல் வந்தது. நகரம் தெற்கே விரியவிரியப் புதிய குடியிருப்புகள் தமக்கென்று சபாக்களை அமைத்துக்கொண்டன. நங்கநல்லூரிலும் குரோம்பேட்டையிலும் வசிப்பவர்கள் நல்ல கச்சேரி கேட்க மயிலாப்பூர்வரை வந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இன்று இல்லை.

யுனெஸ்கோ 2017-இல் இசைக்கான படைப்பாக்க நகரங்களின் வரிசையில் சென்னையைச் சேர்த்தது மகிழ்ச்சிக்குரியது. அந்தப் பெருமையில் பேட்டை சபாக்களின் செயலாளர்களுக்கும், நாற்காலிகளை வரிசைப்படுத்திப் போடும் ஊழியர்களுக்கும் பெரும்பங்கு உண்டு என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: நான் மிருதங்கம் பயிலும் மாணவன். மைக் இல்லாத கச்சேரிக்கு என்னைக் கட்டாயம் போகச் சொல்கிறார் என் குரு. அதில் அப்படி என்ன வேறுபாடு இருக்கிறது?
– கோயம்புத்தூர் மாணவர்

பதில்: உங்கள் குருவின் சொல்லைத் தட்டாதீர்கள். மைக் மேடைக்கு வந்ததும் நம் இசையின் சுருதியே மாறியது. கடைசி வரிசைவரை குரல் எட்ட வேண்டும் என்பதற்காக அந்தக் காலத்துப் பாடகர்கள் உயர்ந்த கட்டையில், அதாவது உயர்ந்த சுருதியில், பாடினார்கள். மைக் வந்தபின் அந்தத் தேவை நீங்கியது; தாழ்ந்த சுருதியில், ஸ்வரங்களை அசைத்துப் பாடும் நுணுக்கமான கமகங்களை நிதானமாகப் பாட வழி பிறந்தது. இது நன்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அதனுடன் ஒரு கேடும் சேர்ந்தே வந்தது. பாடகர் தம் குரலைத் தாமே கேட்பதற்கு மேடையில் ஒரு தனி ஒலிபெருக்கிப் பெட்டி, அதன் ஓசையை மீறி வயலின் கேட்க வேண்டுமென்று இன்னும் சற்றுக் கூட்டி வைப்பது, அதற்கு ஈடாக மிருதங்கத்துக்கும் கூட்டி வைப்பது என்று ஒன்றையொன்று துரத்தி, இருநூறு பேர் அமர்ந்த கூடத்தில்கூடக் காது வலிக்கும் அளவுக்குச் சத்தம் ஏறிவிடுகிறது.

மைக் இல்லாத கூடத்தில் அளவை நிர்ணயிப்பது பாடகரின் குரல் மட்டுமே. உங்கள் வாசிப்பு அதற்குக் கீழே நின்றாக வேண்டும். மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையில் மீட்டுச் சொல் எவ்வளவு மெல்லியதாக விழுந்தாலும் தெளிவாகக் கேட்கும். இடப்பக்கமான தொப்பியில் ரவைப் பசையை அளவாக இட்டிருந்தால் கும்கி என்னும் ஆழ்ந்த ஒலி தரையோடு பரவி வந்து கேட்பவரைத் தொடும். மைக்கில் இந்த இரண்டும் ஒன்று மிகுந்தோ மற்றொன்று மங்கியோதான் பெரும்பாலும் ஒலிக்கின்றன. மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயர் மைக் வைத்து வாசிப்பதை விரும்பாமல், மைக் இருக்கும் மேடைகளில் அமர்வதில்லை என்று ஒரு காலத்தில் உறுதியாக இருந்தவர். 1966-இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது பெற்ற அந்த மேதை தம் வாத்தியத்தின் நாதத்தைப் பிறர் கையில் ஒப்படைக்க மறுத்தார் என்றே நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

வாய்ப்புக் கிடைத்தால் அத்தகைய கூடத்தில் ஒரு வீணைக் கச்சேரியையும் கேளுங்கள். ஒரே மீட்டில் தந்தியை இழுத்து மூன்று, நான்கு ஸ்வரங்களைத் தொட்டுவிட்டு நாதம் அடங்கும்போது, அந்தக் கடைசி இழை எங்கே முடிகிறது என்பதைக் காதால் பின்தொடர முடியும். நாகேஸ்வர ராவ் பூங்காவில் சிறுவர் சிறுமியர் மைக் இன்றிப் பாடும் ஞாயிற்றுக்கிழமைக் காலைக் கச்சேரிகளும் உண்டு. பறவைகளின் ஒலியையும் சாலையின் இரைச்சலையும் தாண்டித் தம் குரலை நிறுத்தப் பழகும் அந்தக் குழந்தைகளைப் பார்த்தால், குரு சொன்னதன் பொருள் உங்களுக்கு விளங்கும்.

கேள்வி: மாட வீதி பஜனையில் வெளியூர்க்காரர்கள் கலந்துகொள்ளலாமா?
– கும்பகோணம் வாசகர்

பதில்: தாராளமாகக் கலந்துகொள்ளலாம். விடியற்காலையில் கபாலீசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள மாட வீதிகளில் பாடிக்கொண்டு செல்லும் இந்த வழக்கத்தைப் பல்லாண்டுகள் முன்னின்று நடத்தியவர் பாடலாசிரியர் பாபநாசம் சிவன். அவருக்குப் பின் குடும்பத்தாரும் சீடர்களும் தொடர்ந்தார்கள். இதற்கு மேடையும் டிக்கெட்டும் கிடையாது. இருள் பிரியுமுன் வந்து சேருங்கள், முன்னே பாடுபவர் விடும் அடியைச் சேர்ந்து பாடுங்கள். பாட்டுத் தெரியாவிட்டாலும் உடன் நடக்கலாம். வாசலில் கோலமிட்டுக்கொண்டிருப்பவர்கள் எழுந்து நின்று கும்பிடும் அந்தக் காட்சியை ஒருமுறையேனும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: மிருதங்கம் முதலிய தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதிப் பேர் எழுந்து போகிறார்கள். சிறிய கூடத்தில் இது மிகவும் மனத்தை வருத்துகிறது. இதை எப்படித் தடுப்பது?
– திருவான்மியூர் வாசகி

பதில்: உங்கள் வருத்தத்தில் எனக்கும் பங்குண்டு. ஐம்பது பேர் அமர்ந்திருக்கும் கூடத்தில் இருபது பேர் எழுந்தால், ஒன்றரை மணி நேரம் பாட்டுக்குப் பக்கபலமாக இருந்துவிட்டுத் தம் முறைக்குக் காத்திருந்த அந்த மிருதங்க வித்வானின் கண் முன்னாலேயே அவர்கள் வெளியேறுகிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டே கணக்குத் தவறாமல் வாசிப்பது எளிதன்று. முன்னரே புறப்பட வேண்டிய கட்டாயம் உள்ளவர்கள் வாசலோரத்தில் அமர்ந்து, தனி இடம்பெறும் பிரதான உருப்படி தொடங்குமுன், இரண்டு பாட்டுகளின் இடைவெளியில் எழுந்து செல்வதே முறை. ஒரு சிறிய சபாவில், தனி தொடங்கியதும் செயலாளரே வந்து முன்வரிசையில் அமர்ந்து, முடியும்வரை தாளம் போடுவதை நான் பார்த்திருக்கிறேன். எழுந்திருக்க நினைத்த சிலர் அவரைக் கண்டு மீண்டும் அமர்ந்தார்கள். நீங்கள் வழக்கமாகப் போகும் அரங்கில் நீங்களும் உங்கள் தோழியரும் முன்வரிசையில் இருந்து அவ்வாறு தாளம் போடத் தொடங்கலாம்.